எடுத்த கல்யாணத்தை எல்லாம் எழுதி வைத்தேன்: ஒன்பது வருடக் கணக்கு

நான் எடுக்கும் கல்யாணப் படங்களை எழுத்தோடு போடுவதற்கு ஒரு சைட் வைத்திருக்கிறேன். போன வாரம் அதன் ஹோஸ்டிங்கை, அதாவது சைட்டை இணையத்தில் வைத்திருக்கும் இடத்துக்கான வாடகையை, புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்தது. மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடியாம், ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் முழு விலை. கட்டுவதா, இல்லை சைட்டை இழுத்து மூடிவிட்டு எல்லாரையும் போல இன்ஸ்டாகிராமோடு இருந்துவிடுவதா என்று குழம்பியபோதுதான் முதல் தடவையாக எண்ணிப் பார்த்தேன். 2016 தையில் ஆரம்பித்து இதுவரை 171 பதிவுகள். கல்யாணம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படங்கள் எல்லாம் சேர்த்து. படம் பொறுக்குவதிலிருந்து எழுதி ஏற்றுவது வரை ஒரு பதிவுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகிறது, அப்படியானால் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் காசு வாங்காமல் வேலை பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கை வீட்டில் சொல்லவில்லை.

முதல் இரண்டு வருடம் எழுதியதை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அழகான ஜோடி, அருமையான தருணங்கள், மறக்க முடியாத நாள். பெயரை மட்டும் மாற்றிவிட்டால் எந்தக் கல்யாணத்துக்கும் ஒட்டும். அதோடு எதையும் விட மனசு வராமல் எழுபது எண்பது படங்கள் வேறு. ஒரு மணப்பெண்ணின் அக்கா நேராகவே சொன்னார், "படம் பாக்கத்தான் வந்தேன், நடுநடுவுல எதுக்குப்பா இந்த வாழ்த்து மடல்?" கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி.

மாறியது ஒரு புலம்பலால். வடபழனிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர், மேலேயும் ஊதா விளக்கு. மாப்பிள்ளை பெண் இரண்டு பேர் முகமும் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை என்ன திருப்பினாலும் தோல் நிறம் வரவே வராது, ஏனென்றால் அந்த வெளிச்சத்தில் தோலுக்கு வேண்டிய நிறங்களே சரியாக இல்லை, இல்லாததை எடிட்டில் எங்கேயிருந்து கொண்டுவருவது? கடைசியில் டெக்கரேஷன் தம்பியிடம் கெஞ்சி, கூட்டம் பந்திக்குப் போன நேரமாகப் பார்த்துப் பதினைந்து நிமிடம் விளக்கை வெள்ளைக்கு மாற்றி, அதற்குள் வீட்டார் படங்களை முடித்தேன். அன்று இருந்த எரிச்சலில் இதை அப்படியே எழுதிவிட்டேன், வெறும் பன்னிரண்டு படங்களோடு. அடுத்த மாதம் ஒரு பெண்ணின் அப்பா போன் செய்தார். "நீங்கதானே அந்த ஊதா லைட்டைப் பத்தி எழுதினவங்க? எங்க மண்டபத்துலயும் அதே கதைதான்மா, என்ன பண்ணலாம்?" விலையைப் பற்றிப் பேசியது அதற்கப்புறம்தான். அட்வான்ஸ் அன்று மாலையே வந்தது.

அதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஜோடிகள் எவ்வளவு காதலோடு இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள யாரும் வருவதில்லை. நம் கல்யாணத்தில் இது நடந்தால் இந்த அம்மா என்ன செய்வார் என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

இத்தனை பதிவில் இன்றைக்கும் ஆள் வருவது கடற்கரையைப் பற்றி எழுதிய ஒன்றுக்குத்தான். பிரீ வெட்டிங், அதாவது கல்யாணத்துக்கு முன்னால் ஜோடிப் படம், எடுக்க வருகிறவர்கள் கோவாவில் எடுத்த படம் ஒன்றைக் காட்டி, கடலில் சூரியன் மறைகிற மாதிரி பெசன்ட் நகரில் வேண்டும் என்பார்கள். நம் ஊர்க் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் அதில் உதிக்குமே தவிர மறையாது, சாயங்காலம் போனால் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்கிடையே இறங்கிவிடும். ஆகவே விடியற்காலைதான். ஜூனில் ஆறு மணிக்கு முன்னாலேயே உதித்துவிடும், ஜனவரியில் ஆறரையை ஒட்டி வரும், அதற்கு அரை மணி நேரம் முன்னால் மணலில் நிற்க வேண்டும் என்றால் மேக்கப்புக்கு மூன்று மணிக்கே எழுந்திருக்க வேண்டும். இதை ஒரு ஜோடி தூங்கி வழிந்த கதையோடு எழுதினேன். (அங்கே எல்லாரும் சாய்ந்து நின்று எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளை வளைவு, கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930 டிசம்பரில் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் அலையில் மூழ்கி இறந்த டென்மார்க்காரருக்காகக் கட்டியது. வருகிற ஜோடிகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது. எனக்கும் அந்தப் பதிவுக்காகத் தேடியபோதுதான் தெரிந்தது, அதற்கப்புறம் அங்கே குதிக்கிற போஸ் நான் எடுப்பதில்லை.) மாமல்லபுரத்துக்குக் கூப்பிடுகிறவர்களுக்கும் அதே பதிவில் ஒரு பத்தி இருக்கிறது. கடற்கரைக் கோயில் தொல்லியல் துறைக்குக் கீழே வருவது, ஸ்டாண்டு போட்டு எடுக்க முன் அனுமதி வேண்டும், காவலாளியிடம் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பி வராதீர்கள் என்று.

எழுதுவதால் எனக்கு வந்த பெரிய லாபம் எழுத்தில் இல்லை, மண்டபத்தில் இருக்கிறது. கேமரா பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். காசியாத்திரைக்கு வாங்கிய குடை விரியவே இல்லை, பெண்ணின் தம்பி ஓடிப்போய் சமையல்காரரின் கறுப்புக் குடையை வாங்கி வந்தான். மூன்றாவது முடிச்சு போட வேண்டிய நாத்தனார் மூக்குக் கண்ணாடியை ரூமில் விட்டுவிட்டு வந்து தடவித் தடவிப் போட்டார். இதையெல்லாம் நாலு வார்த்தையில் கிறுக்கி வைப்பேன். எழுத விஷயம் வேண்டுமே என்று பார்க்க ஆரம்பித்ததில், மேடையை விட்டு இறங்கி மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்தக் கறுப்புக் குடைதான் அந்த ஆல்பத்தின் முதல் பக்கம். நோட்டு எடுத்துப் போக மறந்த கல்யாணங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மறுபடி அருமையான தருணங்கள்தான் வருகின்றன.

2020இல் ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று இருந்தபோது மொட்டை மாடியில் நடந்த ஒரு கல்யாணத்தை எடுத்தேன். அதில் யார் யாரைக் கூப்பிட முடியவில்லை என்று பெண்ணின் அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். கூப்பிடப்படாத சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தப் பதிவை வாட்ஸாப்பில் சுற்ற விட்டுப் படித்திருக்கிறார்கள்.

இப்போது கஷ்டமான பகுதி. 2018இல் ஒரு வளைகாப்பு. பெண்ணிடம் கேட்டேன், "தாராளமா போடுங்கக்கா" என்றாள், போட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மாமியார் போன். "ஏம்மா, பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி ஊருக்கெல்லாம் காட்டணுமா? கண்ணு படாதா?" அந்தப் பெண் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தது கேட்டது. உடனே எடுத்துவிட்டேன். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே விஷயமே இல்லை, அந்த வீட்டில் ஒரு சண்டைக்கு நான் காரணமாகிவிட்டேன். அப்போதிருந்து வளைகாப்புப் படம் குழந்தை பிறந்து பெயர் வைத்த பிறகுதான், அதுவும் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டபிறகு. நிச்சயதார்த்தம் கல்யாணம் முடிந்தபிறகு. இரண்டு பதிவுகள் இதனால் வராமலே போயின. காரணத்தை நான் கேட்கவில்லை.

அதே வருடம் வக்கீலாக இருக்கும் ஒரு கிளையண்ட் என் அக்ரிமெண்ட் தாளைப் பார்த்துச் சிரித்தார். நான் எடுத்த படம் என்னுடையது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதாவது எழுதி வாங்காமல் நான் போட்ட படங்கள் எல்லாம் அவர்களுடையவை. இப்போது அட்வான்ஸ் வாங்கும்போதே தாளில் தனியாக ஒரு பத்தி இருக்கிறது, எந்த விசேஷம், எத்தனை படம், முகம் தெரியலாமா, குழந்தைகள் வரலாமா என்று. வேண்டாம் என்று டிக் செய்தால் விலை ஏறாது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சிலர் அப்படித்தான் பயப்படுகிறார்கள்.

போட்ட படத்தைச் சைட்டிலிருந்து எடுத்துவிடுவது என்பதும் நினைத்த அளவு சுலபமில்லை. பிரிந்துபோன ஒரு பெண் கேட்டுக்கொண்டதால் அவர்களுடைய கல்யாணப் பதிவை அழித்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி போன், "இன்னும் தேடினா படம் வருதுக்கா." என் சைட் ஓடுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளில் பதிவை அழித்தால் எழுத்துதான் போகும், அதில் ஏற்றிய படங்கள் மீடியா பெட்டியில் அப்படியே கிடக்கும், நேரடி லிங்க் இருந்தால் யாரும் திறக்கலாம். அன்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன், கூகுளில் போவதற்கு இன்னும் சில நாள் ஆனது. இந்த வேலையில் நான் அதிகம் வெட்கப்பட்டது அந்த இரண்டாவது போனுக்குத்தான்.

தமிழா இங்கிலீஷா என்றால், புது ஆட்கள் தேடி வருவது பெரும்பாலும் இங்கிலீஷ் பதிவுகள் வழியாக, ஆனால் தமிழில் எழுதியதைத்தான் குடும்பமே உட்கார்ந்து படிக்கிறது. பேரன் அனுப்பிய லிங்கைத் திறந்து பாட்டி படித்துவிட்டு, "எங்க சம்பந்தி பேரை விட்டுட்டியே" என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. ஒரு தொல்லை, தலைப்பு தமிழில் இருந்தால் லிங்க்கும் தமிழில் உருவாகும், வாட்ஸாப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்துக்குறியும் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சென்னை என்ற ஒரு சொல்லே 54 இடம். அனுப்பினால் வைரஸ் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். லிங்க்கை மட்டும் கையால் இங்கிலீஷ் எழுத்தில் மாற்றிவிடுங்கள். படத்தை நீளப் பக்கம் 2048 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றுங்கள். நான் ஆரம்பத்தில் முழு அளவில் ஏற்றி ஹோஸ்டிங்கை ரொப்பிவிட்டேன்.

ஸ்டுடியோ போர்ட்ரெயிட் பற்றி எழுதியது எதுவும் எடுபடவில்லை. சாம்பல் திரை, ஒரு விளக்கு, அதைப் பற்றி எத்தனை தடவை எழுதுவது. அறுபதாம் கல்யாணத் தம்பதிகள் மட்டும் விதிவிலக்கு, அவர்களைப் பேச விட்டால் பதிவு தானாக எழுதிக்கொள்ளும்.

இன்ஸ்டாகிராமைக் குறை சொல்ல மாட்டேன், இப்போது முதல் விசாரிப்பு பாதி அங்கேயிருந்துதான் வருகிறது. ஆனால் ரீல் பார்த்துவிட்டு வருகிறவர் முதலில் கேட்பது "எவ்வளவு?". சைட்டைப் படித்துவிட்டு வருகிறவர் தேதியைச் சொல்லிவிட்டு, மண்டபத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் எவ்வளவு என்கிறார்.

பணத்தைக் கட்டிவிட்டேன், ஒரு வருடத்துக்கு மட்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்பதால் எழுதுவதெல்லாம் அப்போதுதான். இந்த ஆடிக்கு நோட்டில் ஏழு கல்யாணம் காத்திருக்கிறது, அதில் இரண்டுக்குப் பெண் வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.