கரண்ட்டே போகாத ஊரில் ஒரு பாட்டரி

"கரண்ட்டே போகாத ஊரில் பாட்டரி எதற்கு மாப்பிள்ளை?" மதுரையிலிருந்து லண்டனுக்கு வந்த என் மாமியார், கராஜில் நிற்கும் வெள்ளைப் பெட்டியைப் பார்த்ததும் இப்படித்தான் கேட்டார்.

"நடுராத்திரி குழாயில் தண்ணீர் வரும்போது குடங்களில் பிடித்து வைப்பீர்களே அத்தை, அதேதான்" என்றேன்.

எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் கிடையாது. வடக்குப் பார்த்த கூரை, மேலே பக்கத்து வீட்டு மரத்தின் நிழல் வேறு. மின்சாரக் கார் இருப்பதால் ஆக்டோபஸ் என்ற மின்சார நிறுவனத்தின் 'ஆக்டோபஸ் கோ' கட்டணத் திட்டத்துக்கு மாறினோம். நள்ளிரவு 12.30 முதல் அதிகாலை 5.30 வரை அப்போது யூனிட் 8.5 பென்ஸ். மற்ற நேரத்தில் எங்களுக்கு 27 பென்ஸ். அந்த ஐந்து மணி நேரத்தில் 9.5 யூனிட் பாட்டரியை நிரப்பிக்கொண்டு பகல் முழுவதும் அதில் ஓட்டுகிறோம்.

அந்த விலையில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நிரப்ப 81 பென்ஸ். ஏற்றி இறக்குவதில் பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுவதால் கைக்கு வருவது எட்டரை யூனிட். பகல் விலையில் அது 2 பவுண்டு 30 பென்ஸ். ஆக, நாளொன்றுக்கு மிச்சம் ஒன்றரை பவுண்டு. மாட்டியதற்கு ஆன செலவு 5,500 பவுண்டு. போட்ட பணம் திரும்பப் பத்து வருடம் ஆகும். உத்தரவாதமும் பத்து வருடம்தான்! சோலார் இல்லாமல் தனி பாட்டரி வைப்பவர்களுக்கும் 2024 பிப்ரவரி முதல் மதிப்புக் கூட்டு வரி (VAT) இல்லை என்பதால்தான் செலவு இந்த அளவிலாவது நின்றது. நாளைக்கே இரவு விலையை ஏற்றினால் என் கணக்கு அம்போ.

பாட்டரியில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒரே நேரத்தில் 2.6 கிலோவாட்டுக்கு மேல் தராது. இங்கே கெட்டில் ஒன்றே 3 கிலோவாட் இழுக்கும். டீ போடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பகல் விலைக் கரண்ட் உள்ளே வரத்தான் செய்கிறது. கிரைண்டரையோ அது பொருட்டாகவே நினைப்பதில்லை; ஒரு படி அரிசி ஆட்டி முடித்தாலும் திரையில் எண் அசைவதில்லை.

வந்து மாட்டியவர்களுக்குத்தான் மதிப்பெண் குறைக்கிறேன். முதலில் பரணில் வைக்கலாம் என்றார்கள். வீட்டு பாட்டரியைப் பரணில் வைக்கக் கூடாது என்று பிரிட்டனின் 2024 தீப்பாதுகாப்பு வரையறையே சொல்கிறது. எடுத்துக் காட்டிய பிறகுதான் கராஜுக்கு இறங்கினார்கள். அடுத்தது டைமர். 4.30-க்கு சார்ஜ் நிற்கும்படி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சலுகை நேரம் நான்கு மணி நேரமாக இருந்த காலத்துப் பழக்கம் போலும். 4.30 ஆனதும் பாட்டரி சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தியது, இரவில் சார்ஜுக்குப் போட்டிருந்த கார் நிறுத்தவில்லை. பசியோடு இருந்த கார், நிரம்பிய பாட்டரியிலிருந்தே உறிஞ்சத் தொடங்கிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் பாட்டரியில் 100 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 72. மூன்று வாரம் பாட்டரியைச் சந்தேகித்தேன், காரைச் சந்தேகித்தேன், மகனின் கணினியைக்கூடச் சந்தேகித்தேன். கடைசியில் ஸ்மார்ட் மீட்டரின் அரைமணிக் கணக்கைப் பார்த்து நானே பிடித்தேன். முடிவு நேரத்தை 5.30 ஆக்கியதும் சரியாகிவிட்டது. தொலைபேசியில் கேட்டபோது, "கார் இருப்பதை நீங்கள் சொல்லவில்லையே" என்றார்கள். கார் நின்றிருந்ததே பாட்டரிக்குப் பக்கத்தில்தான்.

வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போன மாதம் எங்கள் தெருவில் இருபது நிமிடம் கரண்ட் போனது. பாட்டரியில் 60 சதவீதம் இருந்தும் வீடு இருட்டு. வெளியே கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, தனி பேக்கப் இணைப்பு இல்லாத பாட்டரி தானாகவே அணைந்துவிடும். அந்த இணைப்புக்குக் கூடுதல் பணம் கேட்டார்கள். நான்தான் வேண்டாம் என்றிருந்தேன்.

மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டே மாமியார் சொன்னார்: "மதுரை வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேனாவது சுற்றும் மாப்பிள்ளை."