30 ஆம்பியரா, 40 ஆம்பியரா? முதலில் பெக்கைப் பாருங்கள்

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போகப் பெங்களூர் பஸ் ஏறுகிறேன் என்றதும் அக்கா மகன் பிடித்துக்கொண்டான். "மாமா, இஎஸ்சி 30 ஆம்பியர் போதுமா, 40 வாங்கணுமா?" இஎஸ்சி என்றால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன சர்க்யூட். ஃபோம் போர்டில் அவனே வெட்டி ஒட்டிய ரிமோட் விமானம். 2212 அளவில் 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், 10 அங்குல புரொபெல்லர், 3எஸ் (மூன்று செல்) லிப்போ பேட்டரி, இறக்கை, வால் மடிப்புகளை ஆட்டும் 9 கிராம் செர்வோ மூன்று.

இந்தச் சேர்க்கை முழு த்ராட்டிலிலும் 20 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். 30 தாராளம். 40 போட்டால் வேகம் கூடும் என்று பையன்கள் நினைக்கிறார்கள், கூடாது. மோட்டார் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் போகும். எடை சில கிராம் ஏறும், காசும் ஏறும்.

நான் கடையில் கேட்பது வேறு: பெக் லீனியரா, ஸ்விட்சிங்கா? இஎஸ்சிக்குள்ளேயே இருந்துகொண்டு, பேட்டரி மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைத்து, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் செர்வோக்களுக்கும் கொடுப்பது பெக் (BEC)தான். லீனியர் பெக் மிச்ச வோல்ட்டை வெறும் சூடாக்கித் தள்ளும். முழு சார்ஜில் 3எஸ் 12.6 வோல்ட். செர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் சூடு. அதே செர்வோக்கள், 4எஸ் பேட்டரி என்றால் 16.8 வோல்ட், சூடு 11.8 வாட். சின்ன சால்டரிங் அயர்னை விமானத்தின் வயிற்றுக்குள் வைத்த மாதிரி. கிருஷ்ணகிரி சித்திரை வெயில் இதில் கணக்கில்லை.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அறுவடை முடிந்த கேழ்வரகுக் காட்டில் லீனியர் பெக்கோடு 4எஸ் போட்டு ஏற்றினேன். நான்காவது நிமிடம் சூட்டில் பெக் படுத்துவிட்டது. ரிசீவருக்கே கரண்ட் இல்லை. ஸ்டிக்கை எப்படி ஆட்டினாலும் கேட்கவில்லை. பக்கத்து மாந்தோப்பில் போய் விழுந்தது.

ஸ்விட்சிங் பெக் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் சூடு குறைவு. விலை அதிகம். 4எஸ் என்றாலோ, செர்வோ நான்கைந்து என்றாலோ நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

ட்ரோன் இஎஸ்சி குட்டியாக, அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் பெக்கே கிடையாது. யூபெக் என்கிற தனி பெக் வாங்கிச் சேர்க்கணும். விமான இஎஸ்சியோ பேட்டரி செல் 3 வோல்ட் பக்கம் இறங்கும்போது மோட்டாரை மட்டும் அடக்கும், செர்வோ உயிரோடு இருக்கும். மிதந்தபடியே இறக்கிவிடலாம். முதல் விமானத்துக்கு ட்ரோன் இஎஸ்சி வேண்டாம்.

எதை வாங்கினாலும் புரொபெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் த்ராட்டில் கேலிப்ரேஷன், அதாவது வேக ஸ்டிக்கின் மேல், கீழ் எல்லையை இஎஸ்சிக்குப் பழக்குவது. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதன் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள். பேட்டரி வயரை மாற்றிவிடாதீர்கள், இஎஸ்சி அங்கேயே புகைந்துவிடும்.

பையனுக்கு லீனியர் பெக்கோடு 30 ஆம்பியரே வாங்கி வந்தேன். 3எஸ், மூன்று செர்வோவுக்கு அது தாங்கும். என்னிடம் இருக்கும் 4எஸ் பேட்டரி மேல் அவனுக்கு ஒரு கண். அதை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.