பழைய அசெம்பிளரா, புதிய அசெம்பிளரா, கையாலேயே பைட் மாற்றுவதா?

எச்பி 3478ஏ மல்ரிமீற்றர் மின் போட்டதும் டீசி வோல்ற் அளக்கும் நிலையில்தான் எழும்பும். கோண்டாவில் பக்கம் தண்ணீர்ப் பம்பி மோட்டர்களுக்குக் கொயில் சுற்றும் ஒரு தம்பிக்கு வேண்டியதோ நாலு வயர் ஓம்ஸ் (சிறிய தடையை நாலு வயரால் துல்லியமாக அளப்பது) மட்டும்தான். "அண்ணை, கரண்ட் போய் வர ஒவ்வொருக்காவும் இதைத் திருப்பி அமத்தவேணும். எழும்பேக்கையே ஓம்ஸிலை எழும்ப வைக்கேலாதோ?" என்று கேட்டார். வைக்கலாம், றொம் என்ற நினைவகச் சிப்பில் இருக்கிற ஃபேம்வேரை, அதாவது கருவியை இயக்கும் நிரலை, திருத்தினால் போதும். எந்தக் கருவியைக் கொண்டு திருத்துவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

ஒரு கட்சி, கட்டளைகளைப் பைட்டுகளாக்கும் அந்தக் காலத்து அசெம்பிளரையே, பழைய கணினியைப் போல நடக்கும் எமுலேற்றரிலோ டொஸ்பொக்ஸிலோ ஓட்டவேண்டும் என்கிறது. இன்னொன்று, இன்றும் லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடுகிற ஆல்ஃபிரெட் ஆர்னால்டின் 'ஏஎஸ்' போன்ற குறொஸ் அசெம்பிளரே (ஒரு கணினியில் ஓடி வேறொரு புறொசசருக்கு நிரல் கட்டுவது) போதும் என்கிறது. மூன்றாவது கட்சிக்கு அசெம்பிளரே வேண்டாம், கோப்பின் பைட்டுகளை நேரடியாகக் காட்டும் ஹெக்ஸ் எடிற்றரில் பைட்டை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் கருவிக்குள் இருக்கும் புறொசசரைப் பார்க்கவேண்டும். 3478ஏ-யில் இருப்பது இன்ரெல் 8039. 1976-இல் வந்த 8048 குடும்பத்தில், உள்ளே றொம் இல்லாத வகை. இந்தக் குடும்பத்தில் ஒரு கட்டளையை ஒரே விதமாகத்தான் பைட்டாக எழுதமுடியும். ஆகவே இன்ரெலின் பழைய அசெம்பிளரான ஏஎஸ்எம்48-இல் கட்டினாலும் ஏஎஸ்-இல் கட்டினாலும் வெளியே வருவது ஒன்றுதான். அப்படியிருக்க, கோப்புப் பெயரை ஆறு எழுத்துக்குள் அடக்கச் சொல்லும் ஐசிஸ்-2 என்ற இன்ரெலின் பழைய இயங்குதளத்தை எமுலேற்றரில் எழுப்பி மினக்கெட ஒரு காரணமும் இல்லை. 8039-க்கு ஏஎஸ், அவ்வளவுதான்.

ஆனால் 8039-க்கென்று வேறொரு பொறி இருக்கிறது. அதன் நிபந்தனைத் தாவல்கள் (ஒரு நிபந்தனை சரியானால் வேறு இடத்துக்குப் போகும் கட்டளைகள்) 256 பைட் கொண்ட ஒரு பக்கத்தைத் தாண்டமாட்டா. நடுவில் ஒரு பைட்டைச் செருகினால் பின்னால் உள்ளதெல்லாம் நகரும். பக்க எல்லையில் நின்ற தாவல் முறியும், பக்கத்துக்குள் தேடி எடுக்கும் அட்டவணைகளும் இடம் பெயரும். முறிந்த தாவலை அசெம்பிளர் பிழை என்று காட்டித்தரும். பெயர்ந்த அட்டவணையைக் காட்டாது, மீற்றர் தாறுமாறாக நடக்கும்போதுதான் தெரியும். ஆகவே புது நிரலை றொம்மின் வெற்று இடத்தில் வைத்து, பழைய இடத்தில் இரண்டு பைட் தாவல் ஒன்றை மட்டும் போடுவதே பாதுகாப்பு. அந்தத் தாவலும் வங்கி எனப்படும் 2 கிலோபைட் நினைவகப் பகுதிக்குள்தான் செல்லும். மற்ற வங்கிக்குப் போவதென்றால் வங்கி மாற்றும் கட்டளை முன்னால் வரவேண்டும்.

ரெக்ரொனிக்ஸ் 2465 ஒசிலோஸ்கோப்பில் கதை வேறு. அதற்குள் இருப்பது மோட்டோறோலா 6802. இங்கேதான் பழைய அசெம்பிளரின் கட்சிக்கு நியாயம் இருக்கிறது. நினைவகத்தின் முதல் 256 பைட்டுக்குள் இருக்கும் 40 என்ற ஹெக்ஸ் முகவரியிலிருந்து புறொசசரின் உள்ளேயுள்ள ஏ றெஜிஸ்ரருக்கு ஒரு மதிப்பை எடுக்கவேண்டும் என்று வையுங்கள். அதை '96 40' என்று இரண்டு பைட்டில் எழுதலாம், 'பி6 00 40' என்று மூன்று பைட்டிலும் எழுதலாம். முதலாவதற்கு 3 சைக்கிள் (புறொசசரின் நேர அலகு), இரண்டாவதற்கு 4. செய்யும் வேலை ஒன்றுதான். மோட்டோறோலா எண்பதுகளில் இலவசமாகக் கொடுத்த அசெம்பிளர்கள், முகவரிக்கு வைத்த பெயர் கோப்பில் பின்னால்தான் வரையறுக்கப்படுகிறது என்றால் நீளமான வடிவத்தையே போட்டுவிடும். ஏஎஸ் அப்படியில்லை, தேவையானால் திரும்பத் திரும்பப் படித்து, முடிந்த இடத்தில் குறுக்கிவிடும். குறுக்குவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஓரிடத்தில் ஒரு பைட் குறைந்தாலே அதற்குப் பின்னுள்ள முகவரிகள் எல்லாம் தவறும், சைக்கிளை எண்ணி எழுதிய தாமதச் சுற்றுகளின் நேரமும் மாறும்.

பழைய அசெம்பிளரில், மாறிகளின் வரையறையைக் கோப்பின் கடைசியில் வைத்தாலே அந்த நீளமான வடிவம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஒரே மாறியை இரண்டு விதமாகவும் எழுதிய இடங்கள் மிஞ்சும். அவற்றை வெறும் பைட்டுகளாகவே எழுதிவிடலாம். 6802-க்கு டொஸ்பொக்ஸைத் திறப்பது வீண்வேலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் ஒரு சோதனையை விடக்கூடாது. டிஸ்அசெம்பிள் செய்த நிரலை (பைட்டுகளிலிருந்து மீட்ட கட்டளைகளை) ஒரு எழுத்தும் மாற்றாமல் திருப்பிக் கட்டி, றொம்மிலிருந்து எடுத்த கோப்போடு ஒப்பிடுங்கள். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் திருத்தத்தைத் தொடங்கவேண்டாம்.

ஹெக்ஸ் எடிற்றரைக் குறைத்துச் சொல்லமாட்டேன். திரையில் வரும் ஒரு சொல்லையோ தொடக்க நிலையின் ஒரு மதிப்பையோ மாற்ற அது போதும். தாவல் முகவரியைக் கையால் கணக்கிடும் நிலை வந்தால் அசெம்பிளருக்குப் போய்விடுங்கள். செக்சம்மையும் மறக்கக்கூடாது: பல கருவிகள் மின் போட்டதும் றொம்மின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும். கூட்டல் எளிய வகையென்றால், மாற்றிய அளவைப் பாவனையில் இல்லாத ஒரு பைட்டில் எதிராகப் போட்டு ஈடுகட்டலாம்.

கட்டிய கோப்பைச் சிப்பில் ஏற்றுவது தனி வேலை. 2732 என்ற ஈப்ரொம்மில் (யூவி ஒளியால் அழிக்கும் றொம்) எழுத 25 வோல்ற் வேண்டும், 2732ஏ-க்கு 21. சிப்பில் எழுதும் மலிவான யூஎஸ்பி புறோகிராமர்கள் பல அந்த 25-ஐத் தரா, வாங்குமுன் பாருங்கள். 2764 இருக்கும் இடமென்றால் மின்னாலேயே அழிக்கக்கூடிய 28சி64-ஐப் போடலாம், யூவி விளக்குத் தேவையில்லை. ஈப்ரொம்தான் என்றால் கண்ணாடியின் மேல் ஒளி புகாத ஸ்ரிக்கர் ஒட்டுங்கள். நேர் வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம் கிடந்தால் அழிந்துவிடும் என்று உற்பத்தியாளர்களின் தரவுத்தாள்களே சொல்கின்றன, எங்கள் வெயிலோ கொஞ்சமில்லை. பழைய றொம்மைக் கழற்றி, பெயர் எழுதி, கருவியின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். 3478ஏ என்றால், கலிபிறேசன் (அளவைச் சரிப்படுத்தும்) எண்களைத் தாங்கி நிற்கும் லித்தியம் பற்றறியில் இந்த வேலை முழுவதும் கை வைக்கவேண்டாம்.