ஒன்பது வருடமாக எங்கள் சிவப்பு ஆக்சைடு தரை

2016-ல் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டைக் கட்டியபோது டைல்ஸ் வேண்டாம், பாட்டி வீட்டில் இருந்த மாதிரி சிவப்புத் தரைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நடு ஹாலும் படுக்கையறையும் சிவப்பு. பூஜை அறை மட்டும் மஞ்சள். திண்ணைக்கும் சிவப்பே, ஓரத்தில் நாலு விரற்கடை அகலத்துக்குக் கறுப்புக் கரை. இந்தத் தரை போட நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிறத்தைப் பற்றி. ஒன்பது வருட வெயிலில் துளியும் வெளுக்கவில்லை. ஜன்னல் வழியாக மதிய வெயில் விழும் இடமும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடமும் ஒரே சிவப்பாகத்தான் இருக்கின்றன. சிமெண்டில் நிறத்துக்காகக் கலக்கும் சிவப்பு ஆக்சைடுப் பொடி என்பது இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்த பொருளை வெயில் என்ன செய்துவிடும்? மஞ்சளுக்கு மட்டும் வெள்ளை சிமெண்ட் வாங்கச் சொன்னார் கொத்தனார் அண்ணாச்சி. சாதாரண சிமெண்டின் சாம்பல் நிறம் மஞ்சளை அழுக்காக்கிவிடும்.

அண்ணாச்சி வேலை செய்த விதத்தை இன்னும் மறக்கவில்லை. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 5 கிலோ ஆக்சைடு. ஒரு அறைக்கு வேண்டிய மொத்தத்தையும் தண்ணீர் சேர்க்காமல் முந்தின நாளே கலந்து, இரண்டு தடவை சலித்து வைத்தார். "பாதியில தீந்து போயி மறுபடி கலந்தா நெறம் ஒட்டாது தம்பி, காலத்துக்கும் திட்டுத்திட்டாத் தெரியும்" என்றார். அடித்தளத்தின் மேல் 1:3 சிமெண்ட் மணல் கலவை. அதன் ஈரம் காயுமுன்னே நிறக் கலவையை மெல்லிசாகப் பரப்பி, மணியாசக்கட்டையால் மட்டம் செய்து, கொத்துக்கரண்டியால் மணிக்கணக்கில் தேய்த்தார். இன்று தரையில் தெரியும் பளபளப்பு அந்தத் தேய்ப்பில் வந்ததுதான். மறுநாளிலிருந்து பத்து நாள் தண்ணீர் கட்டி வைத்தோம்.

ஹாலில் நாலடிக்கு நாலடி கட்டமாகக் கண்ணாடிப் பட்டை பதித்தோம். படுக்கையறைக்குச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டேன். அடுத்த கோடையிலேயே அங்கே வாசற்படியிலிருந்து மூலை வரை மயிரிழை விரிசல் ஓடியது. சிமெண்ட் காயும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு இடம் விடாவிட்டால் தானே இடம் பிளந்துகொள்ளும். அதே ஆக்சைடு, அதே சிமெண்ட் குழைத்து அடைத்தும் நிறம் சேரவில்லை. ஹாலில் இன்று வரை ஒரு விரிசல் இல்லை.

நான் செய்த பெரிய தவறு சீலர், அதாவது தரைமேல் அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு. கடையில் சொன்னார்கள் என்று நாலாம் மாதம் ஹால் முழுக்க அக்ரிலிக் சீலர் இரண்டு கோட் அடித்தேன். புதுக் கார் மாதிரி மின்னியது. ஐப்பசி மழை பிடித்ததும் பால் ஊற்றியதுபோல வெள்ளைப் படலம். குளியலறை வாசல் பக்கம் தோல் உரிந்தது. தரைக்கு அடியில் நாங்கள் பிளாஸ்டிக் தாள் விரிக்கவில்லை. மண்ணின் ஈரம் மேலே ஏறி, வெளியேற வழியில்லாமல் சீலருக்குக் கீழே சிக்கிக்கொண்டது. தின்னர் போட்டுச் சுரண்டி எடுக்க நாலு நாள் ஆனது, வீடே குடியிருக்க முடியாத நெடி.

சீலர் அடித்தே ஆகவேண்டும் என்பவர்கள் முதலில் ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ படலம் கட்டும் எந்தச் சீலரும் வேண்டாம். பிறகு, மழைச் சாரல் படும் எங்கள் திண்ணைக்கு சிலேன்-சிலாக்சேன் வகைச் சீலர் அடித்தேன். அது உள்ளே இறங்கிவிடும், படலம் கட்டாது, மினுமினுப்பும் தராது. ஆனால் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஐந்து வருடம் கழித்துத் தண்ணீர் ஊற ஆரம்பித்ததும் ஒருமுறை திரும்ப அடித்தேன்.

உள்ளே இப்போது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். மாதம் ஒருமுறை, ஹாலுக்கு ஒரு கரண்டி எண்ணெய், பழைய வேட்டித் துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்து, காய்ந்த துணியால் மிச்சத்தை முழுக்க எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் தூசி ஒட்டும், வழுக்கவும் செய்யும். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் இதில் மிகக் கவனமாக இருக்கிறேன்.

புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும்தான் இந்தத் தரைக்கு எதிரி. சிந்தியதும் துடைக்காவிட்டால் புளிப்பு சிமெண்டில் உள்ள சுண்ணாம்பை அரித்துவிடும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் வெளுத்த வட்டம் ஒன்று அப்படித்தான் வந்தது; எண்ணெய் தேய்த்தால் மங்குகிறதே தவிரப் போகவில்லை. ஆசிட் சேர்ந்த குளியலறைத் திரவத்தை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

மாடியில் ஒரு அறை எடுக்கப் போகிறோம். அண்ணாச்சிக்குக் கண் மங்கிவிட்டது. கரண்டி பிடிக்க அவர் மகன் வருகிறார், சலிப்பதை மட்டும் தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடிப் பட்டை முதலிலேயே வாங்கி வைத்துவிட்டேன்.