"பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்

டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் முதல் வீட்டுக்குப் பாண்ட் (வீட்டுக் கடன்) போட நினைக்கும் பிள்ளைகள் கவனிக்க.

"உங்கள் பெயர் பிளாக்லிஸ்டில் இருக்கிறது, நீக்கித் தருகிறோம், தவணையும் பாதியாகும்" என்று பேச்சு தொடங்கும். 13 இலக்க அடையாள எண், சம்பளச் சீட்டு, செல்போனுக்கு வரும் லிங்க்கில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் கேட்பார்கள். நீங்கள் கையெழுத்திட்டது டெப்ட் ரிவியூவுக்கான (கடன் கட்ட முடியாதவரின் தவணைகளை ஓர் ஆலோசகர் மூலம் மாற்றியமைக்கும் சட்ட ஏற்பாடு) விண்ணப்பமான படிவம் 16. அந்தப் பெயரை மட்டும் கடைசிவரை சொல்ல மாட்டார்கள்.

5 வேலை நாளுக்குள் உங்களுக்குக் கடன் கொடுத்த எல்லோருக்கும், கிரெடிட் பீரோக்களுக்கும் (நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனங்கள்) தகவல் போயாக வேண்டும் என்பது சட்டம். அதன்பின் புதுக்கடன் கிடையாது. முதல் மாதத் தவணை பெரும்பாலும் ஆலோசகரின் கட்டணத்துக்கே போய்விடும். தவணை குறைந்த சந்தோஷத்தில் பல மாதம் ஒன்றும் தெரியாது. வீடு பார்த்து, வாங்கும் ஆஃபரில் கையெழுத்துப் போட்டு, வங்கி கைவிரிக்கும்போதுதான் விஷயம் வெளிவரும். (பாண்ட் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்ற நிபந்தனை ஆஃபரில் இல்லையென்றால் டெபாசிட்டுக்கும் ஆபத்து.)

கடனில் மூழ்கியவருக்கு டெப்ட் ரிவியூ நல்ல பாதுகாப்புதான். வீடு வாங்கப் போகிறவருக்கு அங்கே வேலையே இல்லை.

மாட்டிக்கொண்டால், படிவம் 16-இன் நகலையும் போன் பதிவையும் எழுத்தில் கேளுங்கள். கையெழுத்து உங்களுடையது இல்லையென்றால் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுங்கள். பீரோவிலும் ஆட்சேபம் பதியுங்கள்; அதற்குக் கட்டணம் கிடையாது, 20 வேலை நாளுக்குள் விசாரித்தாக வேண்டும். நீதிமன்ற உத்தரவு வரை போய்விட்டால்தான் பெரும்பாடு: மறுபடி நீதிமன்றம் ஏற வேண்டும், அல்லது கடன்களை அடைத்துப் டெப்ட் ரிவியூ முடிந்தது என்ற சான்றிதழான படிவம் 19 வாங்க வேண்டும்.

பெயரைச் சுத்தம் செய்ய யாருக்கும் ஒரு ரேண்டும் தர வேண்டாம். ஒவ்வொரு பீரோவும் வருடம் ஒருமுறை அறிக்கையை இலவசமாகத் தரும். அடைத்து முடித்த ஜட்ஜ்மெண்ட் (கடனுக்காக வந்த நீதிமன்றத் தீர்ப்பு) பற்றி, கடன் கொடுத்தவரே 7 நாளுக்குள் பீரோக்களுக்குத் தெரிவிக்க வேண்டும், அவை நீக்கிவிடும்.

பாண்ட் தகுதி உயர வேண்டுமா? துணிக்கடை, பர்னிச்சர் கடன் கணக்குகளை முதலில் முடியுங்கள். 10.5% வட்டியில் 20 வருடத்துக்கு 10 லட்சம் ரேண்ட் பாண்டின் தவணை மாதம் சுமார் 9,980 ரேண்ட். அந்தக் கணக்கில் 1,500 ரேண்ட் கடைத் தவணை 1.5 லட்சம் ரேண்ட் பாண்டைத் தின்றுவிடுகிறது. வங்கி 3 மாத ஸ்டேட்மெண்ட் கேட்கும், ஆகவே விண்ணப்பத்துக்கு 3 மாதம் முன்பே முடித்துவிடுங்கள். குடும்ப வருமானம் மாதம் 3,501 முதல் 22,000 ரேண்ட் வரை என்றால் அரசின் ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் மானியமும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கவும் கட்டணம் கிடையாது.