பழைய சேலையில் தைத்தது என்று சொல்லி புது பாலியஸ்டரை விற்கிறார்கள், பாண்டி கடலூர் மக்கள் கவனிக்கவும்

பாண்டிச்சேரியில் சனி, ஞாயிறு ஆனால் ஏதாவது ஒரு ஹாலில் டிசைனர்கள் ஸ்டால் போடுகிறார்கள் இல்லையா, அப்படி ஒன்றில் வாங்கிய குர்தா பற்றித்தான் இந்தப் பதிவு. "எல்லாமே பழைய காட்டன் சேலை மேடம், இருளர் பெண்கள், வங்காளப் பெண்கள் எனப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து கையால் தைக்கிறார்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது" என்று சொல்லி 3,800 ரூபாய் வாங்கினார்கள். தைத்தவர் பெயரும் போட்டோவும் போட்ட அட்டை ஒன்று தொங்கியது. பில் கேட்டதற்கு ஜிபே மெசேஜே போதும் என்றார்கள்.

அப்புறம் மஞ்சக்குப்பத்தில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா அதே குர்தாவைப் போட்டு வந்தார். துணித்துண்டுகள் அதே வரிசையில் இருந்தன, சரி, அது கூடத் தற்செயல் என்று விடலாம். தோளுக்குக் கீழே கிழிசலை இழை ஓட்டித் தைத்தது போல் ஒரு இடம், அதுவும் இரண்டிலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது! உள்பக்கம் திருப்பினால் ஒட்டே இல்லை, முழுசாக ஒரே துணி. ஒட்டு, கிழிசல், சாயம் போன கரை எல்லாமே பிரிண்ட், மேலே மட்டும் மெஷினில் நாலு தையல். திருப்பாப்புலியூர் டெய்லர் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினார், உருகிக் கெட்டியான மணியாக நின்றது. காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். (பழைய சேலையிலும் பாலியஸ்டர் உண்டு என்பதால் நூலை எரித்துப் பார்ப்பது மட்டும் போதாது, உள்பக்கத் தையலைப் பாருங்கள்.)

போன் செய்தால் "துவைச்சிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது மேடம்" என்றார்கள். அட்டையில் இருக்கும் பெண்ணிடம் பேச வேண்டும் என்றதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அந்தப் பெண் உண்மையில் யார், அவருக்குத் தெரிந்துதான் அவர் முகத்தைப் போட்டு விற்கிறார்களா? பணத்தை விட இதுதான் எனக்குக் கோபம். நிஜமாகவே பழைய சேலையை எடுத்துத் துவைத்து, நைந்த மடிப்பை வெட்டித் தள்ளி, நல்ல பாகத்துக்கு லைனிங் கொடுத்துத் தைக்கிற சின்ன டிசைனர்கள் இதே ஊர்களில் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கிற விலை அந்த உழைப்புக்கானது. இந்த மாதிரி ஆட்களால் அவர்களையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள்.

ஒரு சேலையில் மிஞ்சிப் போனால் இரண்டு குர்தா வரும். ஒரே டிசைன் எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை அடுக்கி வைத்திருந்தால் அது பழைய சேலையாக இருக்க வழியே இல்லை. உண்மையாகச் செய்பவரிடம் துணி எங்கே கிடைத்தது என்று கேட்டால் விடாமல் கதை சொல்வார், இவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான், பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும். ஆதாரம் இல்லாமல் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 2024-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனியாக வழிகாட்டு விதிகளே போட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். இதே குர்தா யாரிடமாவது இருந்தால் அட்டையையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், நீங்களும் 1915-ல் புகார் பதியுங்கள்.