குனியச் சொல்லித் தராத ஸ்பானியப் பாடம்: நெடுநாள் சந்தாதாரரின் அனுபவம்

நான் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் இணையவழி ஸ்பானிய மொழிப் பாடத்திட்டத்தின் ஆண்டுச் சந்தா அண்மையில் கணிசமாகக் குறைந்திருக்கிறது. உடற்பயிற்சியையும் உடல்நலத்தையும் பற்றி அம்மொழியில் தடையின்றிப் பேச அது உதவுமா, இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால், அதே கேள்வியோடு இருக்கும் பிறருக்கும் பயன்படட்டும் என்று இங்கே பகிர்கிறேன். எத்தனை நிலைகள், எத்தனை பாடங்கள், கைபேசியில் இயங்குமா என்பன போன்ற விவரங்கள் விளம்பரத்திலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பாடத்திட்டத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் குறைசொல்லும் பாட வரிசை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று.

முதலில் பாராட்டு. உடல் உறுப்புகளையும் வலிகளையும் பற்றிய பகுதி இந்தப் பாடத்திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி. அதிலும் தமிழ் பேசுபவர்களுக்கு அது தரும் மகிழ்ச்சியைப் பாடத்தை வடிவமைத்தவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ‘மே துவெலே லா ரோதீயா’ என்றால் ‘எனக்கு முழங்கால் வலிக்கிறது’ என்று பொருள். வலிப்பது முழங்கால், வலியை உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ‘என் முழங்கால்’ என்று உரிமை கொண்டாட வேண்டிய தேவை நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. இரண்டு முழங்கால்களும் வலித்தால் வினை பன்மையாகி ‘துவெலென்’ என்று மாறும். ‘வலிக்கின்றன’ என்று எழுதும் நமக்கு அதிலும் வியப்பில்லை. ஆங்கிலம் பேசுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விளக்கவுரையோ, இந்த அமைப்பைப் பெரிய விந்தையாகக் கருதி, பாடம் பாடமாக மாணவரைத் தேற்றிக்கொண்டிருக்கிறது. அந்த விளக்கங்களையெல்லாம் தாண்டிச் சென்றால், ‘எனக்கு நடப்பது பிடிக்கும்’ என்பதற்கு ‘மே குஸ்தா காமினார்’, மூச்சுப் போதாமல் திணறும்போது ‘மே ஃபால்தா எல் ஐரே’ என்று ஒரே அச்சில் வாக்கியங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாரையும் சுட்டாமல் பொதுவாகச் சொல்லும் ‘ஐ கே பெபேர் ஆகுவா’ என்ற வாக்கியத்துக்கும் எழுவாய் கிடையாது. உடல்நலம் பற்றிய அறிவுரைகளில் பாதி இப்படி எழுவாயில்லாமல்தான் சொல்லப்படுகின்றன என்பதால் இது சிறிய லாபமன்று. தாகம், தூக்கம், வெப்பம் ஆகியவற்றில் மட்டும் அம்மொழி வழிமாறி ‘எனக்குத் தாகம்’ என்பதற்குப் பதிலாக ‘தாகத்தை வைத்திருக்கிறேன்’ என்ற பாங்கில் பேசுகிறது. அது விரைவில் பழகிவிடும்.

உச்சரிப்பிலும் இதே போன்ற ஒரு சலுகை உண்டு. முழங்கையைக் குறிக்கும் ‘கோதோ’, விரலைக் குறிக்கும் ‘தேதோ’ ஆகிய சொற்களில் உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் ஒலி, நாம் ‘அது’ என்று சொல்லும்போது எழும் மெல்லிய தகரமே. பாடத்திட்டத்தின் குரல் சோதனை அந்த இடத்தில் என்னைத் தடுத்ததே இல்லை. சொல்லின் முதலில் வரும் ஒலியில்தான் கவனம் தேவைப்படுகிறது. எடையைக் குறிக்கும் சொல்லையும் முத்தத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பேசோ’ ஆகிவிடும். முன்னதில் வல்லொலியும் பின்னதில் ‘பந்து’ என்பதன் முதலொலியும் வர வேண்டும். எடை குறைப்பது பற்றிப் பேச விரும்புபவர்கள் இதை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

இனி, இவ்வளவு நாளும் என்னை விடாமல் எரிச்சலூட்டிவரும் ஒன்றுக்கு வருகிறேன். ‘உடற்பயிற்சியும் நலவாழ்வும்’ என்று தலைப்பிடப்பட்ட பகுதியில் ஏவல் வினை கிடையாது. நான் வாரத்தில் மூன்று நாள் உடற்பயிற்சி செய்கிறேன், என் சகோதரி நீச்சலுக்குப் போகிறாள், நாங்கள் சீக்கிரம் உறங்கச் செல்கிறோம் என்று தன்னைப் பற்றிய அறிவிப்புகள்தாம் அதில் முதலிலிருந்து முடிவுவரை இடம்பெறுகின்றன. மீள்பார்வைப் பயிற்சிகளிலும் அந்தச் சகோதரி இன்றுவரை நீந்திக்கொண்டே இருக்கிறாள். ஆனால் ஸ்பானிய மொழியில் நடக்கும் ஓர் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்து பார்த்தால், பயிற்றுநர் தம்மைப் பற்றியோ நம் சகோதரியைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. மடக்கு, நீட்டு, மூச்சை விடு, முதுகை வளைக்காதே, இன்னொன்று, கடைசி ஒன்று என்று அவர் அடுக்கிக்கொண்டே போகும்போது, காதில் விழுவதைக் கணப்பொழுதில் உடலால் செய்து காட்டியாக வேண்டும்.

அதிலும் எதிர்மறை ஏவலைத் தள்ளிப்போட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை, ஏனெனில் காயத்தைத் தவிர்க்கும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் வருகின்றன. ‘மடக்கு’ என்பது ‘தோப்லா’. ‘மடக்காதே’ என்பது ‘நோ தோப்லெஸ்’. ‘ஏறு’ அல்லது ‘உயர்த்து’ என்பது ‘சூபே’. அதன் எதிர்மறை ‘நோ சூபாஸ்’. ஆகாரம் ஏகாரமாகவும் ஏகாரம் ஆகாரமாகவும் இடம்மாறுகின்றன. ‘படுத்துக்கொள்’ என்ற பொருளில் ‘அகுவெஸ்தாதே’ என்னும்போது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘தே’, எதிர்மறையில் வினைக்கு முன்னால் தாவி ‘நோ தே அகுவெஸ்தெஸ்’ என்றாகிறது. இதை வெறும் இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இசையின் இரைச்சலில் ‘நோ’ காதில் விழாமல் போனாலும், மாறிய உயிரொலியும் இடம்பெயர்ந்த ‘தே’யும் அது தடை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மாற்றத்தைக் கற்பிக்கப்படாதவருக்கோ அந்த ஒற்றை ‘நோ’ மட்டுமே பாதுகாப்பு. இவ்வளவு முக்கியமான ஒன்றுக்கு இந்தப் பாடத்திட்டம் ஒதுக்கியிருப்பது, இடைநிலையின் இறுதியில், உடற்பயிற்சிக்குத் தொடர்பே இல்லாத ஒரு பாடத்தில், ஒரே ஒரு திரை.

நியாயமாகப் பார்த்தால் அவர்களிடமும் காரணம் இருக்கிறது. எதிர்மறை ஏவலுக்கு ‘சுப்ஹுன்திவோ’ எனப்படும் வினைவடிவம் தேவை. அது பெரும்பாலான பாடத்திட்டங்களில் நிகழ்காலமும் இறந்தகாலமும் முடிந்த பிறகே வரும். அச்சிட்ட பயிற்சி அட்டைகளில் ‘முழங்கால்களை மடக்குதல்’ என்பது போல வினையின் பெயர்வடிவத்தையே எழுதுவதும் ஸ்பானிய வழக்கம்தான் என்பதால், பாடத்தில் வரும் அட்டைகள் தவறானவை என்றும் சொல்ல இயலாது. ஆயினும் பயிற்றுநர் அட்டையைப் போலப் பேசுவதில்லையே! இதை விளக்கி நான் எழுதிய கடிதத்துக்குப் பணிவான நன்றி வந்தது. அடுத்துவந்த புதுப்பிப்பில் பொத்தான்களின் நிறம் மாறியிருந்தது.

மருத்துவரைச் சந்திக்கும் பகுதி இதற்கு நேர்மாறாகச் செம்மையாக அமைந்திருக்கிறது என்பது எரிச்சலை இன்னும் கூட்டுகிறது. அங்கே ‘நீங்கள்’ என்ற மரியாதை வடிவம் பயன்படுகிறது. அவ்வடிவத்தில் ஏவலும் எதிர்மறை ஏவலும் ஒரே உருவில் இருப்பதால், மார்பை எக்ஸ்ரே எடுப்பவர் ‘ரெஸ்பீரே’ என்றால் மூச்சை இழுக்க வேண்டும், ‘நோ ரெஸ்பீரே’ என்றால் நிறுத்த வேண்டும். இதை அழகாகச் சொல்லித்தரத் தெரிந்தவர்களுக்கு, இரண்டு பகுதிகள் தள்ளி நிற்கும் பயிற்றுநருக்கு வாய்கொடுக்கத் தெரியவில்லை.

நாட்டுக்கு நாடு மாறும் வழக்குகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. தண்டாலை ஸ்பெயினில் ‘ஃப்ளெக்ஸியோனெஸ்’ என்பார்கள், மெக்சிகோவில் ‘லாகார்தீஹாஸ்’ என்பார்கள். பஸ்கிக்கு ‘சென்தாதீயா’ என்றால் பரவலாகப் புரியும். குழுவினரை நோக்கி ஸ்பெயின் பயிற்றுநர் ‘தோப்லாத்’ என்றும் லத்தீன் அமெரிக்கப் பயிற்றுநர் ‘தோப்லென்’ என்றும் சொல்வார். அர்ஜென்டினாவில் ‘தோப்லா’ என்பதன் கடைசி அசையில் அழுத்தம் விழும். பெயர்ச்சொற்களின் வேறுபாட்டைப் பாடத்திட்டம் ஒரு பட்டியலில் சொல்லிவிட்டு, வினைகளின் வேறுபாட்டைச் சொல்லாமலே விட்டிருக்கிறது.

வாசிப்புக்கு வெளியே கிடைப்பவை இதைவிட நயமானவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு அலுவல் மொழிகளுள் ஸ்பானியமும் ஒன்று. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கமும், வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என்று அது 2020-இல் வெளியிட்ட பரிந்துரையை ஸ்பானிய மொழியிலேயே படிக்கலாம். எண்களும் அறிவுரை வாக்கியங்களும் ஒருசேரப் பழகும். சிலி நாட்டில் 2016 முதல் பொட்டலங்களின் முகப்பில் அச்சிடப்படும் கறுப்பு எண்கோண எச்சரிக்கைகள், சர்க்கரை, சோடியம், கலோரி, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றை ‘ஆல்தோ என்’ என்ற ஒரே தொடக்கத்தோடு சொல்கின்றன. மெக்சிகோவின் 2020-ஆம் ஆண்டு முத்திரைகள் அதே கருத்தை ‘எக்செசோ’ என்று சொல்கின்றன. ஊட்டச்சத்துச் சொற்களைப் பழக இவற்றைவிடச் சுருக்கமான பாடநூல் கிடைக்காது, கட்டணமும் இல்லை. ஏவல் வினைகளுக்கோ, ஸ்பானியப் பயிற்றுநர்களின் காணொளிகளை வேகம் குறைத்து ஓடவிட்டு, முதல்முறை உட்கார்ந்து கேட்டும் மறுமுறை உடலை அசைத்தும் பழகுவதே எனக்குப் பலனளித்தது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: விலை குறைந்திருந்தாலும் வாங்க வேண்டாம். மேலே நான் சொன்ன பாராட்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாங்கலாம் என்றே விடை வரும் என்பதை அறிவேன். ஆனாலும் நேற்றைய மீள்பார்வையில் அந்தச் சகோதரி மறுபடியும் நீச்சலுக்குப் போனதைப் பார்த்த பிறகு வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கித்தான் தீருவேன் என்றால், ஆண்டுச் சந்தாவை விட்டுவிட்டு ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, வலிகள் பற்றிய பகுதியையும் மருத்துவர் பகுதியையும் முடித்துக்கொள்ளட்டும். உடற்பயிற்சிப் பகுதியைத் திறக்கவே வேண்டாம். என் சந்தாவை நான் ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று அவர் கேட்பார். வலிகள் பகுதியின் அடுத்த நிலை வரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். அதை முடிக்கும்வரை நிறுத்தமாட்டேன்.